காமிகோச்சிக்கு ஒரு நாள் நடை: தனி கைடு தேவையா?

மழைக்கோட்டு:
அக்டோபர் கடைசி வாரத்தில் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஜப்பான் போகிறேன். மட்சுமோட்டோ நகரத்தில் இரண்டு ராத்திரி, அதில் ஒரு முழுப் பகலை காமிகோச்சி என்ற மலைப் பள்ளத்தாக்குக்கு என்று ஒதுக்கியிருக்கிறேன். அப்பாவுக்கு 67, தினமும் காலையில் ஐந்து கிலோமீட்டர் நடப்பவர். அம்மாவுக்கு 62, முட்டிவலி உண்டு, சமதளம் என்றால் பேசிக்கொண்டே நடந்துவிடுவார், படியைப் பார்த்தால் முகம் மாறிவிடும். ஒரு ஏற்பாட்டாளரிடம் கேட்டேன். எங்கள் மூன்று பேருக்கு மட்டும் தனி கைடு, ஆங்கிலம் பேசுவாராம், ஏழு மணி நேரத்துக்கு 48,000 யென். பஸ், சாப்பாடு நம் செலவு, கைடின் பஸ் டிக்கெட்டும் நம் தலையில்தான். இவ்வளவு கொடுக்கிற அளவுக்கு அங்கே வழி தெரியாமல் திண்டாட வேண்டியிருக்குமா? அம்மா சுத்த சைவம், முட்டைகூட தொடமாட்டார், அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

நாகனோ_ஆறாம்_வருடம்:
வழிக்காக என்றால் ஒரு யென்கூட கொடுக்க வேண்டாம். ஆற்றை ஒட்டி நடந்தால் போதும், ஒவ்வொரு பிரிவிலும் பலகை இருக்கிறது, ஆங்கிலத்திலும் எழுதியிருக்கும். மட்சுமோட்டோவிலிருந்து ஷின்-ஷிமாஷிமா வரை சின்ன ரயில், அரை மணி நேரம், அங்கிருந்து பஸ் ஒரு மணி நேரத்துக்கு மேல். வெளிநாட்டுப் பயணிகள் வாங்கும் ஜேஆர் ரயில் பாஸில் இந்த ரயில் வராது, டிக்கெட் தனியாக எடுங்கள்.

கடைசி நிறுத்தம் வரை போகாமல் தைஷோ குளத்தில் இறங்கிவிடுங்கள். 1915இல் யாகேதாகே எரிமலை வெடித்துச் சேறும் கல்லும் அசூசா ஆற்றை மறித்ததில் உண்டான குளம். அங்கிருந்து கப்பா பாலம் வரை நிதானமாக நடந்தால் ஒன்றரை மணி நேரம், கிட்டத்தட்ட சமதளம், அம்மாவுக்குப் பிரச்சினை இருக்காது. பாலத்தில் நின்றால் எதிரே ஹொத்தாகா மலைகள், அதில் உயரமானது 3,190 மீட்டர், ஜப்பானிலேயே மூன்றாவது. பாதிப் பேர் இத்தோடு ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அப்பாவுக்கு அது போதாது, மியோஜின் குளம் வரை இன்னும் ஒரு மணி நேரம் போய் வாருங்கள். போகும்போதும் வரும்போதும் இடது கரையிலேயே (ஆறு ஓடும் திசையைப் பார்த்து நின்றால் இடது) நடங்கள், பாதை அகலம். வலது கரையில் மரப்பலகைப் பாதை, பார்க்க அழகுதான், ஆனால் அக்டோபர் காலையில் பலகைமேல் உறைபனி இருந்தால் வழுக்கும்.

இன்னொன்று. சொந்த வண்டிக்கு வருடம் முழுக்க அங்கே அனுமதி இல்லை, சவாண்டோவிலோ ஹிராயுவிலோ நிறுத்திவிட்டு பஸ்ஸோ டாக்ஸியோ பிடிக்க வேண்டும். ஆகவே யாராவது தன் காரிலேயே பாலம் வரை கொண்டுவிடுகிறேன் என்றால் நம்பாதீர்கள்.

குதிகால்:
மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனாலும் நான் கைடு பக்கம்தான். போன வருடம் மே மாதம் நாங்கள் நான்கு பேர் வைத்துக்கொண்டோம். அறுபதைத் தாண்டிய உள்ளூர் அம்மா, கழுத்தில் ஒரு பைனாகுலர். முதல் அரை மணி நேரத்தில் நானூறு மீட்டர்கூட நகரவில்லை, எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. அப்புறம் ஆற்றின் நடுக் கல்திட்டில் நின்ற ஒரு மரத்தைக் காட்டினார், கெஷோ-யானகி, ஒரு வகை வில்லோ மரம். வெள்ளம் வந்து புதுசாக ஜல்லி கொட்டிப்போன இடத்தில்தான் அதன் விதை முளைக்குமாம். கெஷோ என்றால் ஒப்பனை, இளங்கிளையில் பவுடர் பூசின மாதிரி வெள்ளையாக இருக்கும். என் விரலைப் பிடித்து அதைத் தேய்க்கச் சொன்னார், கையில் வெள்ளை ஒட்டிக்கொண்டது. ஆற்றைக் கரைகட்டி அடக்கிவிட்டால் இந்த மரத்துக்கு இடமில்லை என்றார். அதுவரை வெறும் நீலத் தண்ணீராகத் தெரிந்த ஆறு அதன் பிறகு எனக்கு வேறு மாதிரி தெரிந்தது.

தைஷோ குளத்தைக்கூட அப்படியே விட்டால் மண் மூடிவிடும், வருடாவருடம் தூர் வாருகிறார்கள், அந்தத் தண்ணீரில்தான் கீழே மின்சாரம் எடுக்கிறார்கள். இதையும் அவர் சொல்லித்தான் தெரியும்.

மியோஜினில் கமொன்ஜி குடில் என்று ஒன்று. கமிஜோ கமொன்ஜி என்ற வேட்டைக்காரர் தொடங்கியது. 1893இல் வால்டர் வெஸ்டன் என்ற ஆங்கிலேயப் பாதிரியாரை மாயே-ஹொத்தாகா சிகரத்துக்குக் கூட்டிப்போனவர் அவர். வெஸ்டன் கொடுத்த பனிக்கோடரி இன்னும் அந்தக் குடிலில் இருக்கிறது. அந்தக் காலத்திலேயே அங்கே கைடு வைத்துத்தான் போயிருக்கிறார்கள், நாம் என்ன.

பாதி_டிக்கெட்:
குதிகால் அண்ணனுக்கு யோகம். எங்களுக்கு வந்தவர் டோக்கியோவிலிருந்து முதல் நாள் ராத்திரி வந்து இறங்கியவர், எங்களைவிட ஒரே ஒரு முறை கூடுதலாக அந்தப் பள்ளத்தாக்கைப் பார்த்திருப்பார் போல. மரத்தின் பெயர் கேட்டால் போனை எடுத்துத் தேடுகிறார்! என் மனைவி கடைசியில் அவருக்குக் குரங்கைக் காட்டிக்கொடுத்தாள். ஏற்பாட்டாளர் பெயரெல்லாம் வேண்டாம், விடுங்கள்.

ஜப்பானில் 2018 ஜனவரியிலிருந்து உரிமம் இல்லாதவர்களும் காசு வாங்கிக்கொண்டு கைடு வேலை செய்யலாம். உரிமம் உள்ளவர்கூட மொழி, சரித்திரம், பூகோளம் என்று தேர்வு எழுதியவரே தவிர மலையில் வளர்ந்தவர் என்று அர்த்தமில்லை. அதனால் பணம் கட்டும் முன் வருகிறவர் எந்த ஊர்க்காரர், இந்த வருடம் எத்தனை முறை காமிகோச்சி போனார் என்று நேராகக் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் விட்டுவிடுங்கள்.

தயிர்சாதம்_கட்சி:
சாப்பாட்டை யாரும் சொல்லவில்லையே. அங்கே சோபா நூடுல்ஸ் கிடைக்கும், பார்க்கச் சைவம் மாதிரி இருக்கும், ஆனால் தொட்டுக்கொள்ளும் சாற்றில் கத்சுவோ மீன் இருக்கும். குடிலில் கணப்பு நெருப்பில் சுடும் இவானா மீன் பிரபலம், அம்மாவுக்கு அந்த வாசனையே ஆகாது. ஓனிகிரி என்ற சோற்று உருண்டையில் உமேபோஷி (உப்பில் ஊறிய பிளம்) வகை வாங்கினாலும் சிலவற்றில் மீன் சாறு கலந்திருக்கும். நான் போனபோது அறையிலேயே சின்ன குக்கரில் சாதம் வைத்து புளிக்காய்ச்சல் கலந்து டப்பாவில் எடுத்துப்போனேன். குரங்குகள் பக்கத்திலேயே நடமாடும், அவற்றின் எதிரில் டப்பாவைத் திறக்காதீர்கள், ஒரு பருக்கைகூட போடாதீர்கள். குப்பைத்தொட்டி கிடையாது, எல்லாம் பையோடு திரும்ப வர வேண்டும். கழிப்பறைக்கு 100 யென் நாணயங்கள் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், பெட்டியில் போட வேண்டும்.

மழைக்கோட்டு:
எல்லாருக்கும் நன்றி. ஏற்பாட்டாளரிடம் கைடு எந்த ஊர் என்று கேட்டேன், "அனுபவமுள்ளவர்" என்று மட்டும் பதில் வந்தது, இரண்டாம் முறை கேட்டதற்கும் அதே. அதனால் விட்டுவிட்டேன். அம்மாவுக்கு ஒரே கவலை, கரடி. அங்கே கரடி உண்டா?

நாகனோ_ஆறாம்_வருடம்:
உண்டு. எங்கே பார்த்தார்கள் என்று வழியிலும் தகவல் மையத்திலும் எழுதிப் போட்டிருப்பார்கள், போனதும் பாருங்கள். பையில் ஒரு மணி கட்டிக்கொள்ளுங்கள், சத்தம் போட்டுக்கொண்டே நடந்தால் அதுவே விலகிப் போகும். அம்மா பேசிக்கொண்டே நடப்பார் என்றீர்களே, பேசட்டும். திரும்பும் பஸ்ஸை மட்டும் முன்பே உறுதி செய்துவிடுங்கள், இலை பழுக்கும் சமயம் மதியத்துக்கு மேல் வரிசை பயங்கரம்.