நகுலுக்கு வயது 21-க்கு மேல்

குழு: வேலாயுதம் குடும்பம்
சனிக்கிழமை, இரவு 8:41

சுதா: யாராவது ஆன்லைனில் இருக்கிறீர்களா? பிரபு, நீ இருக்கிறாயா?

சுதா: நகுல் ஆடுகிற கேமில் அவனுக்கு வயது 21-க்கு மேல் என்று வந்துவிட்டது. ஆதி, யாழினி யாரோடும் சாட் பண்ண முடியவில்லையாம். நாளைக்கு மூன்று பேரும் சேர்ந்து ஆடுவதாகப் பேச்சு. ஒரு மணி நேரமாக அழுகை.

வசந்தி: எந்தக் கேம்

சுதா: ஆட்களெல்லாம் கட்டை கட்டையாக இருப்பார்களே அக்கா, அது.

கல்யாணி: 11 வயசுப் பையனுக்கு 21ஆ

முருகேசன்: (ஃபார்வர்டு) அவசரம்!! 16 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகள் ஆன்லைன் கேம் ஆடினால் பெற்றோருக்குக் கோடிக்கணக்கில் அபராதம்! ஆஸ்திரேலியாவில் அமல்! விரைவில் உலகம் முழுவதும்! எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பவும்!

வசந்தி: ஐயோ

நிலா: அப்பா ப்ளீஸ்

பிரபு: பெரிய மாமா, பொறுங்கள். இதில் பாதிதான் உண்மை. ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்கக் கூடாது. அது சரி. ஆனால் அபராதம் கம்பெனிக்குத்தான், 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை. பெற்றோருக்கும் கிடையாது, பிள்ளைக்கும் கிடையாது. அதோடு, விளையாடுவதற்கென்றே இருக்கும் தளங்களை அந்தத் தடையில் சேர்க்கவே இல்லை.

முருகேசன்: கோடி என்பது சரிதானே?

கல்யாணி: அண்ணா, நீ இதை எத்தனை குரூப்பில் போட்டாய்

முருகேசன்: நாலு.

சுதா: பிரபு, நம் விஷயத்துக்கு வா.

பிரபு: வருகிறேன் அத்தை. கேமராவில் முகத்தைக் காட்டச் சொல்லியிருக்குமே, காட்டினானா?

சுதா: அவன் காட்டவில்லை.

சுதா: மாமா காட்டியிருக்கிறார்.

நிலா: தாத்தாவா

கல்யாணி: அப்பாவா

வேலாயுதம்: நான்தான். படம் எடுக்கிறான் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றச் சொன்னான். தலை வாரிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். முட்டை வடிவத்தில் ஒரு வளையம் வந்தது, அதற்குள் முகம் இருக்க வேண்டும் என்றான். இடது பக்கம் திரும்பு என்றது, திரும்பினேன். வலது பக்கம், அதுவும் ஆயிற்று. பச்சையாக ஒரு டிக் விழுந்தது. சூப்பர் தாத்தா என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டான்.

வசந்தி: மாமா அந்தப் படம் இருந்தால் அனுப்புங்கள். நீங்கள் தலை வாரி நான் பார்த்ததே இல்லை

வேலாயுதம்: மிஷின் 21 என்றா சொன்னது?

நிலா: 21-க்கு மேல் தாத்தா. 21 முதல் 100 வரை எல்லாம் ஒரே பெட்டிதான்.

வேலாயுதம்: இருக்கட்டும். தொடக்கம் 21 தானே.

ரகு: ம்

கல்யாணி: ரகு, உன் பையன் விஷயம். என்ன ம்?

பிரபு: சரி, இது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன், அப்போதுதான் புரியும். இது 'நீ யார்' என்று அடையாளம் பார்ப்பதில்லை. முகத்தைப் பார்த்து 'எத்தனை வயது இருக்கும்' என்று ஊகிக்கிறது, அவ்வளவுதான். ஒன்றிரண்டு வருஷம் முன்னே பின்னே போகும். ஆகவே எல்லைக் கோட்டில் இருக்கிற 12, 13 வயசுப் பிள்ளைகளுக்குத்தான் குழப்பம். தலையைத் திருப்பச் சொல்வது எதிரில் இருப்பது உயிருள்ள ஆளா, போட்டோவா என்று தெரிந்துகொள்ள. அதில் தாத்தா பாஸ். ஆனால் கணக்கு வைத்திருப்பவர்தான் கேமராவுக்கு முன்னால் இருக்கிறாரா என்பது அதற்குத் தெரியாது. வயது பிரிந்த பிறகு சாட் அந்தந்த வயதுக்காரர்களோடு மட்டும். பிரிட்டனில் 2025 ஜூலை 25 முதல் சில வகைத் தளங்களில் வயது சரிபார்ப்பு கட்டாயமானபோது, வேறொரு கேமில் வருகிற ஒரு கதாபாத்திரத்தின் முகத்தைக் காட்டியே சிலர் ஏமாற்றி உள்ளே போனார்கள்

பிரபு: இன்னும் முடியவில்லை, டைப் பண்ணுகிறேன்

நிலா: தெரியும் அத்தான்

முருகேசன்: சீனாவைப் பாருங்கள். பிள்ளைகளுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு, அப்புறம் விடுமுறை நாள். இரவு 8 முதல் 9. அவ்வளவுதான். 2021லேயே போட்டுவிட்டார்கள். அப்படிக் கண்டிப்பு வேண்டும்.

பிரபு: அதே 2021இல்தான் அங்குள்ள பெரிய கேம் கம்பெனி டென்சென்ட் ராத்திரி 10 மணிக்கு மேல் ஆடுகிற பெரியவர்களின் கணக்குகளிலும் முகம் காட்டச் சொல்ல ஆரம்பித்தது. ஏன்? பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களின் கணக்கில் ஆடினார்கள்.

நிலா: அங்கேயும் தாத்தாக்கள்

சுதா: நகுல் ஏன் மாமாவைக் கூப்பிட்டான் என்று இப்போதுதான் வாயைத் திறந்தான். கணக்குத் தொடங்கும்போதே பிறந்த வருஷம் 1995 என்று போட்டிருக்கிறான். தன் முகத்தைக் காட்டினால் மாட்டிக்கொள்வோம் என்று பயம்.

கல்யாணி: 1995ஐ யார் சொல்லிக்கொடுத்தது?

நிலா: யாரும் சொல்லித்தர வேண்டாம் அத்தை. அந்த வருஷச் சக்கரத்தை ஒரு சுழற்று சுழற்றினால் நிற்கிற இடம்தான். நான் 1988.

வசந்தி: நிலா

நிலா: இப்போது சரி பண்ணிவிட்டேன் அம்மா

பிரபு: அமெரிக்காவில் 1998இல் ஒரு சட்டம் வந்தது. 13 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் சம்மதம் வாங்காமல் குழந்தையின் தகவலைத் திரட்டக் கூடாது. அதனால்தான் எங்கே போனாலும் 13 என்கிற கணக்கு. நல்ல எண்ணத்தில் போட்டதுதான். ஆனால் உண்மையைச் சொன்னால் கதவு மூடும், பொய் சொன்னால் திறக்கும் என்று பிள்ளைகள் முதல் நாளே கற்றுக்கொண்டார்கள்.

சுதா: டேப் வாங்கிக் கொடுக்காமல் இருந்திருந்தால் எந்தச் சக்கரமும் இல்லை.

கல்யாணி: அது எனக்கா?

சுதா: பொதுவாகச் சொன்னேன் அண்ணி.

கல்யாணி: பிறந்த நாளுக்கு ஆசையாக வாங்கிக் கொடுத்தேன். படிக்க என்றுதான் கொடுத்தேன். இரண்டு வருஷம் ஆயிற்று, இன்னும் பேச்சு ஓயவில்லை.

ரகு: ம்

வசந்தி: சரி சரி. பையன் சாப்பிட்டானா

சுதா: இன்னொன்று. சொல்லவா வேண்டாமா என்று யோசித்தேன். 21-க்கு மேல் ஆன பிறகு தெரியாத ஒரு ஆளிடமிருந்து மெசேஜ் வந்திருக்கிறது. 'உனக்கு எத்தனை வயசு', 'வீட்டில் யார் இருக்கிறார்கள்', அப்புறம் 'வேறு ஆப்புக்கு வா, அங்கே ஃப்ரீயாகப் பேசலாம்'.

ரகு: எப்போது?

சுதா: இன்று மத்தியானம். ஆப் பெயரை எழுத்துக்கு எழுத்து இடம் விட்டு எழுதியிருக்கிறான்.

நிலா: சித்தி, அந்தப் பெயரைச் சேர்த்து எழுதினால் ஃபில்டர் #### என்று மாற்றிவிடும். அதற்குத்தான் இடம் விடுவது. எதையும் அழிக்காதீர்கள். முதலில் ஸ்க்ரீன்ஷாட். ஆளின் கணக்குப் பெயர் தெரிகிற மாதிரி. அப்புறம் ரிப்போர்ட். கடைசியில்தான் பிளாக்.

சுதா: நகுல் பதில் ஏதாவது போட்டானா என்று தேடுகிறேன்.

சுதா: போட்டிருக்கிறான். 'தாத்தா இருக்கிறார்' என்று.

வேலாயுதம்: நான் பக்கத்தில்தான் இருந்தேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

பிரபு: பெரியவர் என்று பதிந்துவிட்டால் பெரியவர்களோடுதான் கோத்துவிடும். பாதுகாப்புக்கென்று போட்ட வேலி, தாத்தா முகத்தால் அவனை வேலிக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டது. இந்த மாதிரி அமைப்புகளின் சிக்கலே இதுதான். 2022 டிசம்பரில் ஃபோர்ட்நைட் கேமின் கம்பெனி எபிக் கேம்ஸ் அமெரிக்காவில் 52 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டதே, அதில் 27.5 கோடி குழந்தைகளின் தகவல் விவகாரத்துக்கு. ஃபோர்ட்நைட்டில் பிள்ளைகளுக்கும் குரல் சாட் முதலிலேயே ஆன் ஆகி இருந்தது என்பது அதில் ஒரு குற்றச்சாட்டு

கல்யாணி: பிரபு, அந்த ஆள் யார் என்று கேட்டால் நீ டாலர் சொல்கிறாய்.

பிரபு: அம்மா, ஆள் யார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

ரகு: ரிப்போர்ட் பண்ணிவிட்டேன். ஸ்க்ரீன்ஷாட் எடுத்தாயிற்று. பிளாக் பண்ணியாயிற்று.

வசந்தி: ரகு இவ்வளவு பெரிய மெசேஜ் போட்டு இப்போதுதான் பார்க்கிறேன்

நிலா: ரிப்போர்ட்டுக்குப் பதில் வரும் சித்தப்பா, 'நன்றி, பார்க்கிறோம்' என்று. அப்புறம் என்ன ஆனது என்று பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள். நான் ஒருத்தனை மூன்று தரம் ரிப்போர்ட் பண்ணினேன். தமிழ்க் கெட்ட வார்த்தையை இங்கிலீஷ் எழுத்தில் அடிப்பான், அது ஜம்மென்று போகும். நான் ஆதிக்கு '7 மணிக்கு வா' என்று அடித்தால் '####க்கு வா' என்று போகும். எண் என்றாலே போன் நம்பர் என்று நினைத்துக்கொள்ளுமோ என்னவோ.

முருகேசன்: என்ன கெட்ட வார்த்தை?

வசந்தி: அது இப்போது முக்கியமா

சுதா: சரி, வயதை மாற்ற வழி பார்த்தேன். 'தவறு என்றால் அரசு அடையாள அட்டை அல்லது சான்றிதழ் படம் அனுப்பவும்' என்கிறது. இது போதுமா என்று பாருங்கள்.

சுதா: (படம்)

பிரபு: அத்தை அழியுங்கள்

நிலா: சித்தி டெலீட்

பிரபு: அத்தை முதலில் அழியுங்கள், எல்லோருக்கும் அழிப்பது என்று இருக்கும், அதை அழுத்துங்கள்

சுதா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சுதா: ஏன்? நம் குரூப்தானே?

பிரபு: பிறப்புச் சான்றிதழ் அத்தை. பெயர், தேதி, அப்பா அம்மா பெயர், விலாசம், பதிவு எண், எல்லாம் ஒரே தாளில். அவர்கள் கேட்டது ஒரே ஒரு விஷயம், வயது. அதற்கு முழு ஜாதகத்தையும் கொடுக்கிறோம். 2025 அக்டோபரில் டிஸ்கார்டு என்கிற சாட் ஆப் கம்பெனி என்ன சொன்னது தெரியுமா? சுமார் 70,000 பேரின் அடையாள அட்டைப் படங்கள் வெளியாட்கள் கைக்குப் போயிருக்கலாம் என்று. அவர்களுடைய சொந்த சர்வரிலிருந்து போகவில்லை. புகார்களைக் கவனிக்க அமர்த்தியிருந்த வெளி நிறுவனம் வழியாகப் போனது. யாருடைய அட்டைகள்? 'என் வயதைத் தப்பாகப் போட்டுவிட்டீர்கள், சரி பண்ணுங்கள்' என்று அனுப்பினவர்களுடையவை. நாம் இப்போது செய்யப் போனோமே, அதே காரியம்.

வசந்தி: ஐயோ

முருகேசன்: சுதா, நீ அழித்தாய். என் கேலரியில் இருக்கிறதே?

பிரபு: அதையும் அழியுங்கள் மாமா. ஆட்டோ டவுன்லோடை அணையுங்கள்.

முருகேசன்: அது எங்கே இருக்கிறது?

நிலா: வீட்டுக்கு வந்ததும் நான் பண்ணுகிறேன் அப்பா. எதையும் தொடாதீர்கள்.

வசந்தி: நான் என் தம்பிக்கு அனுப்பிவிட்டேனே. அவன் இந்த மாதிரி ஃபார்ம் எல்லாம் பூர்த்தி பண்ணுவான் என்று

சுதா: அக்கா!

வசந்தி: இரண்டு நிமிஷத்தில் இவ்வளவு நடக்கும் என்று யாருக்குத் தெரியும்

நிலா: இந்தக் குரூப்பின் மீடியாவை மேலே தள்ளிப் பாருங்கள். தாத்தா அட்டை, அத்தை பாஸ்போர்ட், அப்பாவின் பான் கார்டு, எல்லாம் வரிசையாக இருக்கின்றன.

கல்யாணி: அது டிக்கெட் போடக் கேட்டார்கள்

வேலாயுதம்: என் அட்டையில் இருக்கிற படம் நன்றாக இல்லை. அழிப்பதாக இருந்தால் அழியுங்கள்.

பிரபு: ஐரோப்பாவில் 2025 ஜூலையில் வயதைச் சரிபார்க்க ஒரு முன்மாதிரி ஆப் காட்டினார்கள். '18-க்கு மேல், ஆமாம்' என்கிற ஒரு பதில் மட்டும்தான் தளத்துக்குப் போகும். பெயரும் போகாது, தேதியும் போகாது. டென்மார்க், பிரான்ஸ், கிரீஸ், இத்தாலி, ஸ்பெயின் ஐந்து நாடுகளில் முதலில் சோதித்துப் பார்ப்பதாகச் சொன்னார்கள். கேட்டதற்கு மட்டும் பதில், அதுதான் நியாயம்

கல்யாணி: கேட்டதற்கு மட்டும் பதில் என்று நீயா சொல்கிறாய்?

நிலா: அத்தை

முருகேசன்: வயதுச் சான்று என்றால் நம் வீட்டில் யாரும் பேசக் கூடாது. என்னை ஒரு வருஷம் முன்னாலேயே பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று அப்பா ஒரு வயது கூட்டிப் போட்டார். அந்தத் தேதிதான் எல்லாத் தாளிலும். இந்த வருஷமே ஓய்வு. உண்மையான வயதுக்கு இன்னும் ஒரு வருஷச் சம்பளம் பாக்கி.

வேலாயுதம்: வீட்டில் உன் சேட்டை தாங்கவில்லை.

முருகேசன்: அதற்கு ஒரு வருஷமா அப்பா?

வேலாயுதம்: ஹெட்மாஸ்டர் கையைத் தலைக்கு மேல் போட்டுக் காதைத் தொடச் சொன்னார். நீ தொட்டாய். அவர்தான் எழுதினார்.

நிலா: இதுவும் முகம் பார்த்து வயது ஊகிப்பதுதான். கை பார்த்து.

ரகு: அப்பா, அப்போ என் தேதி?

வேலாயுதம்: உன்னுடையது ஏறக்குறைய சரி.

ரகு: ஏறக்குறையவா?

சுதா: தயவுசெய்து. நாளைக்கு 11 மணிக்கு விளையாட்டு. என்ன செய்வது?

பிரபு: சான்றிதழ் வேண்டாம். முதலில், அவன் முகத்தையே மறுபடி காட்ட வழி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பெற்றோர் கணக்கு ஒன்று திறந்து இணைத்தால் அதிலிருந்து வயதை மாற்ற விடலாம், சில கேம்களில் உண்டு. நாளைக்குள் நடக்கும் என்று சொல்ல மாட்டேன்.

சுதா: பெற்றோர் கணக்குக்கு நம் அட்டையைக் கேட்குமா?

பிரபு: கேட்கலாம்.

சுதா: அப்படியென்றால் சுற்றி அதே இடம்தான்.

பிரபு: பெரியவர் அட்டை போவது வேறு, குழந்தையுடையது போவது வேறு அத்தை.

ரகு: நான் யோசிக்கிறேன்.

நிலா: நாளைக்கு மூன்று பேரும் இங்கேயே வீடியோ கால் போட்டுக்கொண்டு ஆடட்டும் சித்தி. கேமில் சாட் வேண்டாம், கேமை மட்டும் ஆடலாம். நகுலுக்கு வயது சரியானாலும் எனக்கு அவனோடு சாட் வராது, நான் 17, பெட்டி வேறு.

கல்யாணி: ஆதி அம்மாவைக் கேட்டு விட்டுச் சொல்கிறேன். அவளுக்கு வீடியோ கால் பிடிக்காது.

வசந்தி: தம்பி அழித்துவிட்டேன் என்கிறான். ஆனால் அதற்கு முன்னால் பூர்த்தி பண்ணி அனுப்பிவிட்டானாம்

சுதா: எங்கே அனுப்பினார்?

சுதா: அக்கா?

பிரபு: பெரிய அத்தை, எங்கே அனுப்பினார் என்று உடனே கேளுங்கள்

வசந்தி: போன் எடுக்க மாட்டேன் என்கிறான். தூங்கியிருப்பான்

ரகு: நம்பர் அனுப்புங்கள் அண்ணி. நான் பேசுகிறேன்.

வேலாயுதம்: மறுபடி முகம் காட்ட வேண்டும் என்றால் காலையிலேயே சொல்லுங்கள். சவரம் பண்ண வேண்டும்.