முதல் வேலை யார் தருவார்? இங்கிலாந்துக்குப் புதிதாகப் போன சேலத்துத் தம்பிக்கு

கேள்வி:
அக்கா, நான் அழகாபுரத்துக்காரன். மனைவிக்கு இங்கிலாந்தில் நர்ஸ் வேலை. அவருடைய துணைவர் விசாவில் வந்து நான்கு மாதம் ஆகிறது. ஊரில் ஏழு வருடம் வலைத்தளம் வடிவமைத்தவன். தனியாகத் தொழில் செய்யலாம் என்று இறங்கி, இணையச் சந்தைகளில் இதுவரை அறுபது விண்ணப்பம் போட்டுவிட்டேன். இரண்டே பேர் பதில் எழுதினார்கள். இருவரும் விலையைக் கேட்டதோடு காணாமல் போய்விட்டார்கள். முதல் வாடிக்கையாளர் எங்கிருந்துதான் வருவார்?

பதில்:
தம்பி, ஆடிப் பண்டிகைக்கு ஊருக்கு வந்திருக்கிறேன். இப்போது ஏற்காட்டில் அத்தை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேன். மழையில் கரண்ட் போய்விட்டது, போனில்தான் தட்டுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் விசாவைச் சொல்லிவிடுகிறேன், இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக. துணைவர் விசாவில் வந்தவர் அங்கே சுயதொழில் செய்யலாம். மாணவர் விசாவில் இருப்பவர் செய்யவே கூடாது, வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்றாலும் கூடாது. 'சும்மா ஒரு லோகோதானே' என்று இறங்கிய பிள்ளைகளை எனக்குத் தெரியும். வேண்டாம்.

இனி உங்கள் கேள்வி. என் அப்பா செவ்வாய்ப்பேட்டை வியாபாரிகளுக்குக் கொலுசு செய்து கொடுத்தவர். பட்டறை என்பது எங்கள் வீட்டின் முன்னறைதான். புது வியாபாரியைப் பார்க்கப் போனால் 'எல்லா நகையும் செய்வேன்' என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. சட்டைப் பையிலிருந்து, காகிதத்தில் மடித்த ஒற்றைக் கொலுசை எடுத்து மேசைமேல் வைப்பார். வியாபாரி அதைக் காதருகே கொண்டுபோய் ஒரு முறை குலுக்குவார், கண்ணிகளை விரல்மேல் ஓடவிடுவார், பற்றவைத்த இடங்களை நகத்தால் நெருடிப் பார்ப்பார். கூலிப் பேச்சு அதற்குப் பிறகுதான். எங்கள் தெருவிலேயே திருகாணி மட்டும் செய்கிறவர் ஒருவர் இருந்தார். திருகாணி வேண்டுமென்றால் யாரும் இரண்டாவது பெயரைச் சொல்லமாட்டார்கள்.

இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவள் நான். இங்கிலாந்துக்குப் போனதும் என்ன செய்தேன்? 'வடிவமைப்புச் சேவைகள்' என்று முந்நூறு அட்டை அடித்தேன். லோகோ, அழைப்பிதழ், பேனர், மெனு எல்லாம் செய்வேன் என்று அதில் இருந்தது. ஒரே ஒரு போன் வந்தது. அந்த அம்மாள் ஜன்னல் திரை தைத்துத் தருவேனா என்று கேட்டார்.

முதல் வேலை வந்தது ஒரு பொங்கல் விழாவில். வாடகை மண்டபம், ஓரத்தில் நான்கைந்து பலகாரக் கடைகள். ஒரு மேசையில் தட்டுவடைப் பொட்டலங்கள். நம் ஊர்த் தட்டுவடை செட்டை அங்கே எதிர்பார்க்க முடியாது, வெறும் தட்டுவடை கிடைத்ததே பெரிது. பொட்டலத்தில் ஒட்டியிருந்த துண்டுச் சீட்டில் கையெழுத்தில் 'அரிசி மாவு, உளுந்து, எள், பெருங்காயம், எண்ணெய்' என்று இருந்தது. விற்ற அக்கா, கோதுமை சேராதவர்களும் சாப்பிடலாம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அங்கே 2021 அக்டோபர் முதல், நடாஷா சட்டம் என்று சொல்லப்படும் விதி நடப்பில் இருக்கிறது. தானே பொட்டலம் கட்டி நேரடியாக விற்கும் உணவிலும் சேர்மானப் பட்டியல் முழுதாக இருக்க வேண்டும். ஒவ்வாமை தரும் 14 பொருள்களில் எது இருந்தாலும் அதைத் தடித்த எழுத்து போன்ற ஏதாவது ஒரு வகையில் எடுத்துக்காட்ட வேண்டும். எள்ளும் கடுகும் அந்தப் பதினான்கில் உண்டு. கோதுமையும் உண்டு. நம் கடைகளில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவு கலந்திருக்கும். அத்தையின் காப்பித்தூளுக்கும் மிளகுக்கும் விளையாட்டாக லேபிள் போட்டுப் பார்த்த காலத்தில் இந்த விதிகளைப் படித்து வைத்திருந்தேன்.

'அக்கா, வீட்டுக்குப் போனதும் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்' என்று மட்டும் சொல்லி, என் எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அன்று இரவு பத்து மணிக்குக் கூப்பிட்டார். குரல் நடுங்கியது. மறுநாள் காலையில், எள்ளும் கோதுமையும் தடித்த எழுத்தில் நிற்கும் லேபிள் ஒன்றைச் செய்து அனுப்பினேன். அதோடு அத்தையின் காப்பிப் பொட்டலப் படத்தையும் வைத்தேன். அந்தப் படம்தான் என் ஒற்றைக் கொலுசு. ஆறு பலகாரத்துக்கும் லேபிள் வேண்டும் என்றார், 90 பவுண்டு பேசினோம். சேர்மானப் பட்டியல் அவருடைய பொறுப்பு என்று எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொண்டேன். நான் எழுத்தை அடுக்குகிறவள், அவர் சட்டியில் என்ன போடுகிறார் என்பதற்கு நான் சாட்சி இல்லை.

அடுத்த மூன்று பேரையும் அனுப்பியது அந்த அக்காதான். 'வடிவமைப்பாளர்' என்று என்னை யாரும் தேடவில்லை. 'லேபிள்காரி' என்றுதான் தேடினார்கள்.

ஆக, அறுபது விண்ணப்பத்தை நிறுத்துங்கள். அந்தச் சந்தைகள் கெட்டவை என்று சொல்லவில்லை. ஃபைவர் விற்பவரின் வருமானத்தில் 20 சதவீதம் எடுத்துக்கொள்கிறது, அப்வொர்க்கில் விண்ணப்பிக்கவே, காசு கொடுத்து வாங்கும் புள்ளிகள் செலவாகும். பழைய வாடிக்கையாளர் எழுதிய நல்ல சொல் ஒன்றுகூட இல்லாமல் அங்கே போய் நிற்பது, லீ பஜாரில் தராசு இல்லாமல் கடை போடுவது மாதிரி.

பணத்தில் என் தவறையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்க்காரர் ஒருவரின் உணவகத்துக்கு மெனு அட்டை செய்து கொடுத்தேன். 'நமக்குள் என்னம்மா கணக்கு' என்றார். நானும் சிரித்தேன். மெனு இரண்டு வருடம் ஓடியது, எனக்கு ஒரு மசால் தோசை கிடைத்தது. அதன்பிறகு பாதிப் பணம் முன்பணமாக வந்தால்தான் வேலையையே தொடங்குகிறேன். உறவு, ஊர், தெரு எதுவானாலும் இதுதான். பில்லில் பணம் தர வேண்டிய தேதியைப் போடுங்கள். எதுவும் பேசிக்கொள்ளாவிட்டால் தொழில் நிறுவனங்களுக்கு 30 நாள் என்பது அங்குள்ள சட்டம். தாமதித்தால் பாங்க் ஆஃப் இங்கிலாந்தின் அடிப்படை வட்டி விகிதத்துக்கு மேல் 8 சதவீதம் வட்டி கேட்க 1998ஆம் வருடச் சட்டம் இடம் தருகிறது. நான் கேட்டதில்லை. ஆனால் பில்லின் அடியில் அந்த வரியை அச்சடித்த பிறகு பணம் சீக்கிரம் வருகிறது.

வரி: ஏப்ரல் 6 முதல் அடுத்த ஏப்ரல் 5 வரை ஒரு வருடம். அதில் சுயதொழில் வரவு, செலவைக் கழிக்கும் முன்பே, 1,000 பவுண்டைத் தாண்டினால் அடுத்து வரும் அக்டோபர் 5க்குள் வரித்துறையில் பதிவு செய்ய வேண்டும். அங்கே உட்கார்ந்து சேலத்து ஜவ்வரிசி ஆலைக்கு வேலை செய்தாலும் அந்தக் கணக்கில்தான் வரும்.

மீண்டும் கேள்வி:
நன்றி அக்கா. ஆனால் நான் வலைத்தளக்காரன். எனக்கு எது ஒற்றைக் கொலுசு?

பதில்:
வீட்டைச் சுற்றி அரை மைல் நடந்து பாருங்கள் தம்பி. ஒவ்வொரு கடை வாசலிலும் நின்று அதன் வலைத்தளத்தைப் போனில் திறங்கள். மெனுவைப் படமாக ஒட்டியிருப்பார்கள், போனில் எழுத்து எறும்பு மாதிரி தெரியும். ஞாயிறு விடுமுறை என்று கதவில் இருக்கும், தளத்தில் திறந்திருக்கும் என்று இருக்கும். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்கள், முடி திருத்துகிறவர்கள், வீட்டுச் சாப்பாடு கொடுக்கிற நம் பெண்கள் இவர்களில் ஒரு வகையை மட்டும் பிடியுங்கள். அந்த வகைக்கு ஒரே ஒரு பக்கம் செய்யுங்கள். விலை, நேரம், தொட்டால் அழைக்கும் எண். முடிந்தது. போனில் அதைத் திறந்து வைத்துக்கொண்டு, கூட்டமில்லாத மதிய நேரத்தில் உள்ளே போங்கள்.

மின்னஞ்சலைக் கண்டபடி அனுப்பாதீர்கள். தனி ஆளாகத் தொழில் செய்பவருக்கு அவர் சம்மதம் இல்லாமல் விளம்பர மின்னஞ்சல் அனுப்ப அங்கே விதி இடம் தராது. நேரில் போவதற்குத் தடை எதுவும் இல்லை, மிஞ்சிப்போனால் 'நன்றி, வேண்டாம்' என்பார்கள். அந்த ஊரில் அதையும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

கரண்ட் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்த ஒரு பக்கத்தைச் செய்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். திங்கள் மலையிலிருந்து இறங்குகிறேன். பிறகு கோட்டை மாரியம்மன் பண்டிகை முடியும்வரை போனை எடுக்க மாட்டேன்.