மாஸ்டரை மெயின்னு மாத்தினேன், டிப்ளாய் நின்னுடுச்சு (அவசரம்)

கார்த்தி_கோவை
எங்க கோடோட முக்கிய பிரான்ச் (கிளை) பேரை மாஸ்டர்ல இருந்து மெயின்னு மாத்தினேன். இப்ப கோடை புஷ் பண்ணா டிப்ளாய் (சர்வர்ல ஏத்தற வேலை) ஓடவே மாட்டேங்குது, எரரும் வரல. திறந்திருந்த புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்ற கோரிக்கை) எல்லாம் தானா மூடிக்கிச்சு. சாயந்திரம் ரிலீஸ் இருக்கு, யாராவது சொல்லுங்களேன்.

ராம்_டெவ்ஆப்ஸ்
கிட்ஹப்பா, கிட்லேபா? சிஐ (டிப்ளாயைத் தானா ஓட்டற கருவி) எது? பேரை செட்டிங்ஸ்ல மாத்தினீங்களா, டெர்மினல்லயா?

பைட்_பாண்டி
டோக்கன் (அனுமதிச் சாவி) காலாவதி ஆயிருக்கும் ப்ரோ. புதுசா போட்டுப் பாருங்க.

செல்வி_எஸ்ஆர்இ
டோக்கன் போயிருந்தா ஜாப் ஆரம்பிச்சுட்டுத்தான் சிவப்பாகும். இங்க ஜாப்பே கிளம்பலைங்கறார்.

பழைய_யுனிக்ஸ்
சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. ரிலீஸ் அன்னைக்கு பிரான்ச் பேர்ல கை வைக்கக் கூடாதுன்னு காலேஜ் பசங்களுக்கே தெரியும். பேரை மாத்தி என்ன சாதிக்கப் போறீங்க?

கார்த்தி_கோவை
கிட்ஹப், சிஐ அதோட ஆக்‌ஷன்ஸ். டெர்மினல்லதான் மாத்தினேன்.

செல்வி_எஸ்ஆர்இ
அப்போ விஷயம் தெளிவு. மெயினை புஷ் பண்ணிட்டு, ரிமோட்ல (கிட்ஹப்ல) மாஸ்டரை அழிச்சிருக்கீங்க. பேஸ் பிரான்ச் (மாற்றம் போய்ச் சேர வேண்டிய கிளை) போனா அதை நோக்கின புல் ரிக்வெஸ்ட்டை எல்லாம் கிட்ஹப் மூடிடும். பிரான்சஸ் பக்கத்துல பேர் மாத்தற வசதி 2021 ஜனவரியில இருந்தே இருக்கு. அதுல மாத்தினா புல் ரிக்வெஸ்ட், பாதுகாப்பு விதி எல்லாம் கூடவே புதுப் பேருக்கு வந்துடும்.

ஆனா யாமல் ஃபைலை (டிப்ளாய் எப்ப ஓடணும்னு எழுதி வச்ச ஃபைல்) அதுவும் தொடாது. உங்க வொர்க்ஃப்ளோவுல புஷ்க்குக் கீழ பிரான்சஸ்னு ஒரு வரி இருக்கும் பாருங்க, அதுல இன்னும் மாஸ்டர்னுதான் இருக்கும். மெயின் புஷ் அதோட பொருந்தாததால ரன்னே உருவாகல, அதான் எரரும் இல்ல.

முதல்ல யாமலைத் திருத்தி மெயின்ல கமிட் பண்ணுங்க. அப்புறம் அதே கமிட்டை மாஸ்டர்ங்கற பேர்லயும் தற்காலிகமா புஷ் பண்ணுங்க. வரிசை முக்கியம்: பழைய யாமலோட மாஸ்டரை புஷ் பண்ணா அங்கிருந்து டிப்ளாய் கிளம்பிடும். மாஸ்டர் வந்ததும் புல் ரிக்வெஸ்ட்டை ரீஓப்பன் பண்ணி, ஒவ்வொண்ணுலயும் பேஸை மெயின்னு மாத்திட்டு, கடைசியா மாஸ்டரை எடுத்துடுங்க.

மாஸ்டர்ங்கற பேருக்குப் போட்ட பாதுகாப்பு விதி மெயினுக்கு ஒட்டாது. இப்ப அதுல எழுத அனுமதி இருக்கற யார் வேணா நேரா புஷ் பண்ணலாம்.

பழைய_யுனிக்ஸ்
இவ்வளவு பாடு எதுக்குன்னுதான் கேக்கறேன். 2020ல அமெரிக்காவுல இனவெறிக்கு எதிரா ஒரு போராட்டம் நடந்துச்சு, உடனே எல்லாரும் பேர் மாத்தறீங்க. அதுவரை யாருக்கும் உறுத்தல.

செல்வி_எஸ்ஆர்இ
உறுத்திச்சு அண்ணா. டேட்டாபேஸ்ல மூலத்தையும் அதோட நகலையும் மாஸ்டர்-ஸ்லேவ்னு (எஜமான்-அடிமை) சொல்வாங்க. ஜாங்கோ (பைதான் வெப் ஃப்ரேம்வொர்க்) தன் ஆவணங்கள்ல அதை எடுத்தது 2014ல. ரெடிஸ் டேட்டாபேஸ் 5ல ஸ்லேவ்ஆஃப் கமாண்டுக்குப் பதிலா ரெப்ளிகாஆஃப் (ரெப்ளிகான்னா நகல்) வந்தது 2018ல, பைதான்லயும் அதே வருஷம். தெருப் பலகையில சாதிப் பேர் வேணாம்னு சொல்ற ஊர்க்காரங்க நாம. முன்னோர் அடிமையா விற்கப்பட்ட ஒருத்தர் தினம் ‘ஸ்லேவ் செத்துடுச்சு, கொன்னுட்டு புதுசா ஏத்து’ன்னு ரன்புக்ல (வேலைக் கையேட்டுல) படிக்கணுமான்னு நாமளே கேக்கலைன்னா யார் கேப்பாங்க?

ராம்_டெவ்ஆப்ஸ்
மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ்ல இனி விருப்பம்னும் இல்ல. மைஎஸ்க்யூஎல் 8.4ல ‘ஷோ ஸ்லேவ் ஸ்டேட்டஸ்’னு கொடுத்தா சின்டாக்ஸ் எரர்தான். 8.0.22லயே ‘ஷோ ரெப்ளிகா ஸ்டேட்டஸ்’ வந்துடுச்சு. பழைய மானிட்டரிங் ஸ்கிரிப்ட் வச்சிருக்கறவங்க அப்கிரேடுக்கு முன்னாடி தேடிப் பாத்துக்குங்க.

பைட்_பாண்டி
மைஎஸ்க்யூஎல்ல இருந்து பிரிஞ்ச மரியாடிபில ‘ஷோ ஸ்லேவ் ஸ்டேட்டஸ்’ ஓடுதே?

ராம்_டெவ்ஆப்ஸ்
ஓடும், பழைய பேர், புதுப் பேர் ரெண்டையும் அது ஏத்துக்கும். அது வேற கதை, தனி இழை போடுங்க.

கார்த்தி_கோவை
யாமல்தான். டிப்ளாய் ஓடிடுச்சு, புல் ரிக்வெஸ்ட்டும் திரும்ப வந்துடுச்சு. நன்றி அக்கா.

செல்வி_எஸ்ஆர்இ
சந்தோஷம் தம்பி. மெயினுக்குப் பாதுகாப்பு விதி போட்டாச்சா?