பூனை தூக்கம்: உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள்

சத்துவாச்சாரி அம்மு:
கத்திரி வெயிலில் வேலூர் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மத்தியானம் எங்கள் மணி சமையலறைத் தரையில் நீட்டிப் படுத்திருந்தான். திடீரென்று முன்னங்கால் வெட்டி வெட்டி இழுக்கிறது, மீசை துடிக்கிறது. கண் பாதி திறந்திருக்கிறது, ஆனால் மூலையிலிருந்து வெள்ளையாக ஒரு தோல் வந்து மூடியிருக்கிறது. மாமியார் "வலிப்புடி!" என்று கத்தி, ஒரு சொம்புத் தண்ணீரை அவன் முகத்தில் ஊற்றிவிட்டார். அவன் எகிறின எகிறலில் பருப்பு டப்பா கீழே. அன்றிலிருந்து தரையில் படுப்பதே இல்லை, பீரோ மேல்தான். அது வலிப்பா, இல்லையா? மனசை அரிக்கிறது.

குடியாத்தம் தறிவீடு:
எங்கள் வீட்டோடு விசைத்தறி. ஓடினால் பக்கத்தில் பேசுவதே கேட்காது. எங்கள் பூனை அங்கேயே துணி மூட்டை மேல் தூங்குவாள். ஒரு நாள் கரண்ட் போய்த் தறி நின்றதுதான் தாமதம், தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தாள். அவ்வளவு சத்தத்தில் தூங்கியவள் அமைதியில் முழித்துக்கொண்டாள்! அப்புறம் கவனித்தால், கண் மூடியிருந்தாலும் காது மட்டும் அங்கும் இங்கும் திரும்புகிறது.

காட்பாடிக்காரன்:
அம்மு அக்கா, அது கனவுத் தூக்கம். வலிப்பு என்றால் உடம்பே விறைக்கும், எச்சில் வழியும், சிறுநீர் போய்விடும், தெளிந்த பிறகும் கொஞ்ச நேரம் தள்ளாடும். தண்ணீர் பட்டதும் எகிறி ஓடினது என்றால் பயமில்லை. அந்த வெள்ளைத் தோல் மூன்றாவது இமை. தூக்கத்தில் தெரியலாம், முழித்திருக்கும்போதும் மூடியே இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். எங்கள் வீட்டுப் பூனை விடியற்காலை நாலு மணிக்கு என் கால் விரலைக் கடித்து எழுப்பும், அதோடு என் கதை முடிந்தது. ஆனால் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்: வளர்ந்த பூனை ஒரு நாளைக்கு 12 முதல் 16 மணி நேரம் தூங்கும், குட்டியும் கிழடும் இன்னும் அதிகம். விடியலும் அந்தியும்தான் அதற்கு வேட்டை நேரம். ராத்திரி படுக்கும் முன் கயிறு ஆட்டி நன்றாக ஓடவிட்டு, பிறகு சோறு வையுங்கள். உண்ட மயக்கத்தில் தூங்கிவிடும். வெயில் காலத்தில் வாயைத் திறந்து நாய் மாதிரி மூச்சு இரைத்தால் அது தூக்கமோ களைப்போ இல்லை, உடனே டாக்டரிடம் ஓடுங்கள். மனிதர்களுக்கான பாராசிட்டமால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், பூனைக்கு அது விஷம்.

ராணிப்பேட்டை:
தம்பி, மணிக்கணக்கு சொல்லி எல்லோரையும் நிம்மதியாக்கிவிடாதே. எங்கள் கடுவன் பாத்ரூம் மூலையில் சுருண்டே கிடந்தான். "வெயிலுக்குக் குளுமையாகப் படுத்திருக்கிறது, விடுங்க" என்றார்கள் பக்கத்து வீட்டில். என் மனைவிதான் கவனித்தாள்: எழுந்து மண் தட்டுக்குப் போகிறான், குந்துகிறான், முக்குகிறான், ஒரு சொட்டு இல்லை. அடிவயிற்றைத் தொட்டால் கல் மாதிரி இருந்தது. டாக்டர் குழாய் விட்டு எடுத்தார். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் பிழைத்திருக்க மாட்டான் என்றார். அந்த முக்கல் முனகல் இன்னும் என் காதில் இருக்கிறது.

காட்பாடிக்காரன்:
சரி அண்ணே, ஒப்புக்கொள்கிறேன். கடுவன்களுக்கு மூத்திரக் குழாய் குறுகல், அடைப்பு சீக்கிரம் வரும். இப்போது நன்றாகத் தூங்குகிறானா? தண்ணீர் குடிக்கிறானா?