ஊசிவால் உள்ளானா, விசிறிவால் உள்ளானா? நிற்கும்போதே பிரிப்பது எப்படி?

வணக்கம். வலசைக் காலக் கணக்கெடுப்பில், சதுப்பின் கோரை ஓரம் பதுங்கி நிற்கும் உள்ளான்களை (நீண்ட அலகுள்ள சதுப்புப் பறவைகள்) இனம் பிரிக்க உதவி தேவை.

பறக்கும்போது சிக்கல் குறைவு. விசிறிவாலுக்கு இறக்கையின் பின்விளிம்பில் தெளிவான வெள்ளைக் கோடு இருக்கும், அடியிறக்கையிலும் வெள்ளைப் பட்டை தெரியும். ஊசிவாலுக்கு அடியிறக்கை முழுக்க நெருக்கமான கருவரிகள். கால்விரல்கள் வாலைத் தாண்டி நன்றாக நீளும். ஆனால் இதைப் பார்ப்பதற்காகப் பறவையைக் கிளப்பிவிடக் கூடாது. குளிர்காலத்தில் வீணாக எழும்பும் ஒவ்வொரு முறையும் சேர்த்த கொழுப்பு கரையும்.

நிற்கையில் அலகடியைத்தான் பார்க்கிறோம்: அங்கே வெளிர்ப்புருவம் (கண்ணுக்கு மேலோடும் வெளிர்க்கோடு) கண்பட்டையைவிட (கண்ணின் ஊடே ஓடும் கருங்கோடு) அகலமாக இருந்தால் ஊசிவால். தலை சற்றுத் திரும்பினாலும் எதிர்வெயில் அடித்தாலும் இது ஏமாற்றிவிடுகிறது. வாலோரத்து ஊசியிறகுகள் வலுவான சான்று, ஆனால் இறகு கோதும்போது வாலை விரித்தால்தான் தெரியும், அதுவும் ஓரிரு நொடி.

தோளிறகுகளின் வெளிர் விளிம்பு விசிறிவாலில் வெளிப்பக்கம் தடித்தும், ஊசிவாலில் இருபக்கமும் ஏறக்குறைய சமமாகவும் இருக்கும். 40 மீட்டரில், 60 மடங்கு பெரிதாக்கும் ஸ்கோப்பில் (தொலைநோக்கியில்) இதை நம்பிப் பதியலாமா? விரிந்த வாலைப் பிடிக்க 1/2000 நொடி ஷட்டரில் தொடர்படம் நல்லதா, காணொளியா? பறவையைக் கலைக்காத வழிகளை மட்டும் சொல்லுங்கள்.