பல்தர எண்ணெயா, இரட்டைப்பத எண்ணெயா?

மதிப்பிற்குரிய பேராசிரியர் ஐயா அவர்களுக்கும் கலைச்சொல் நண்பர்களுக்கும் காரைக்குடியிலிருந்து வணக்கம்.

நாம் பேசிவரும் வாகனப் பொறியியல் சொற்பட்டியலில் 'மல்டிகிரேடு ஆயில்' (குளிர்நிலை, சூட்டுநிலை இரண்டுக்குமான வரையறைகளை நிறைவு செய்யும் எஞ்சின் எண்ணெய்) என்பதற்கு நேராகப் 'பல்தர எண்ணெய்' என்று எழுதியிருப்பதை 'இரட்டைப்பத எண்ணெய்' என்று மாற்ற வேண்டும் என்று முன்மொழிகிறேன். காற்றால் குளிரும் பழைய மகிழுந்து எஞ்சினுக்கு எந்த எண்ணெய் ஊற்றுவது என்ற கேள்வியோடு இந்தச் சொல் நேராகப் பிணைந்திருப்பதால், அந்த எஞ்சினை வைத்தே என் காரணங்களைச் சொல்கிறேன்.

தமிழில் தரம் என்றால் உயர்வு தாழ்வு. முதல் தரம், இரண்டாம் தரம், தரமான பொருள், தரங்கெட்ட பேச்சு என்று எங்கே ஆண்டாலும் அச்சொல்லுக்குள் ஒரு மதிப்பீடு இருக்கிறது. எண்ணெய் டப்பாவின் மேல் அச்சிட்டிருக்கும், வாகனப் பொறியாளர் சங்கம் வகுத்த எஸ்ஏஇ எண்ணில் அப்படி எந்த மதிப்பீடும் இல்லை. அந்த எண்ணெய் எந்தச் சூட்டில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதை மட்டுமே அது சொல்கிறது. 30 என்ற எண்ணெயைவிட 40 உயர்ந்ததும் அன்று, தாழ்ந்ததும் அன்று.

இந்தக் குழப்பம் எப்படிக் காசையும் எஞ்சினையும் தின்கிறது என்பதற்கு என் கண்ணெதிரே நடந்ததைச் சொல்கிறேன். கானாடுகாத்தான் பக்கத்து உறவினர் ஒருவர் தம் வளவில் பல காலமாக நின்றிருந்த வோக்ஸ்வாகன் பீட்டிலைச் சீர்செய்து ஓட்டத் தொடங்கினார். எண்ணெய் வாங்கக் கடைக்குப் போனவர் "இருக்கிறதிலேயே நல்ல தரமாக் கொடுங்க தம்பி" என்று கேட்டார். கடையில் இருந்தவரும் அவர் கேட்டபடியே, விலை கூடிய 5டபிள்யூ-30 செயற்கை எண்ணெயை எடுத்துக் கொடுத்தார். இருவர் மீதும் குற்றம் இல்லை. வண்டி தேவகோட்டை வரை போய்த் திரும்பும் வெயிலில், ஒவ்வொரு முறை நிறுத்தத்தில் ஐட்லிங்கில் நிற்கும்போதும் எண்ணெய் அழுத்த விளக்கு மினுக்கத் தொடங்கியது. காலை வேகமிதியில் வைத்தால் அணையும், எடுத்தால் மறுபடி மினுக்கும். எண்ணெயை வடித்துவிட்டு 20டபிள்யூ-50 ஊற்றிய பிறகு விளக்கு அடங்கியது. தரம் என்ற சொல்லால் கேட்டவருக்குத் தரம் கிடைத்தது. அவருடைய எஞ்சினுக்கு வேண்டியிருந்ததோ வேறு.

அந்த எஞ்சினின் அமைப்பைக் கொஞ்சம் விரித்துச் சொன்னால்தான் என் வாதம் நிற்கும். பழைய பீட்டிலின் எஞ்சினுக்கு ரேடியேட்டரும் தண்ணீரும் கிடையாது. சிலிண்டர்களையும் அவற்றின் தலைகளையும் சுற்றியுள்ள துடுப்புகளின் மேல் விசிறி காற்றை அடிக்கிறது, மிஞ்சிய வெப்பத்தில் பெரும்பங்கை எண்ணெய்தான் சுமந்து வெளியேற்ற வேண்டும். அப்படிச் சுமக்கும் எண்ணெயின் மொத்த அளவு இரண்டரை லிட்டர்தான். எண்ணெய் வடிகட்டியும் கிடையாது, அடியில் ஆறு நட்டுகளால் இறுக்கிய வட்டத் தகட்டின் மேல் ஒரு கம்பிவலை மட்டும் உண்டு. அதனால்தான் ஏறத்தாழ 5,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை எண்ணெயை மாற்றி, அந்த வலையையும் கழற்றிக் கழுவச் சொல்கிறார்கள். தண்ணீரால் குளிரும் எஞ்சினில் வெப்பம் ஓர் எல்லைக்குள் கட்டுப்பட்டு நிற்கும். இங்கே சித்திரை வெயிலும் வண்டியின் சுமையும் வேகமும் எண்ணெயின் சூட்டை உடனுக்குடன் ஏற்றி இறக்குகின்றன. எண்ணெயோ சூடேற ஏற நீர்த்துவிடும் பொருள். எஸ்ஏஇ 40 என்ற சாதாரணக் கனிம எண்ணெய் 40 டிகிரி செல்சியசில் இருந்த பாகுநிலையில், அதாவது கெட்டித்தன்மையில், ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கைத்தான் 100 டிகிரியில் வைத்திருக்கும். ஆகவே இந்த எஞ்சினுக்கு எண்ணெய் தேர்ந்தெடுப்பது என்பது, சூடேறிய நிலையில் எந்த அளவு கெட்டியாக நிற்கும் எண்ணெய் வேண்டும் என்று முடிவு செய்வதே ஆகும்.

குறிப்பிட்ட சூட்டில் ஒரு நீர்மம் அடைந்திருக்கும் கெட்டிநிலைக்குத் தமிழில் ஏற்கெனவே பெயர் இருக்கிறது. அது பதம். எங்கள் ஊர்ப் பக்கம் கல்யாணத்துக்கு மனகோலம் என்ற இனிப்புப் பண்டம் செய்யும் ஆச்சிமார், வெல்லப் பாகைக் காய்ச்சும்போது ஒரு சொட்டை விரல்களுக்கிடையே இழுத்துப் பார்த்துக் கம்பிப் பதம் என்பார்கள். தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்த்து உருட்டுப் பதம் என்பார்கள். உருட்டுப் பதம் கம்பிப் பதத்தைவிட உயர்ந்தது என்று யாரும் சொல்வதில்லை. எந்தப் பண்டத்துக்கு எந்தப் பதம் என்பதே கணக்கு. எஸ்ஏஇ எண் செய்யும் வேலையும் அதுவே. 100 டிகிரியில் பாகுநிலை 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸுக்குள் (பாகுநிலையை அளக்கும் ஓர் அலகு) இருந்தால் அது 30, 12.5 முதல் 16.3 வரை என்றால் 40, 16.3 முதல் 21.9 வரை என்றால் 50. பாடநூல்கள் விஸ்காசிட்டியைப் பாகுநிலை என்று ஏற்றுக்கொண்ட பிறகு, அந்தப் பாகின் படிநிலையைப் பதம் என்பதுதான் இயல்பான அடுத்த அடி.

'பதம் சமையலறைச் சொல், கைப்பழக்கத்தால் அறிவது, அளந்து வரையறுத்த எண்ணுக்குப் பொருந்தாது' என்று ஐயா எழுதியிருந்தீர்கள். ஐயாவின் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் காற்றில் உள்ள நீராவியின் அளவை நூற்றுவீதத்தில் சொல்லும் ஈரப்பதம் என்ற சொல்லில் இதே பதம் அமர்ந்திருக்கிறது, வானிலை அறிக்கையில் அதைத் துல்லியமற்ற சொல் என்று யாரும் ஒதுக்கவில்லை. துல்லியத்தைச் சொல்லோடு நாம் கட்டும் வரையறை கொண்டுவரும். மதிப்பீட்டுப் பொருளை அப்படி ஒரு வரையறையால் தரம் என்ற சொல்லிலிருந்து நீக்கிவிட முடியாது. 'பாகுப்படி' என்ற மாற்றையும் ஒரு நண்பர் சொல்லியிருந்தார். எண்ணெயைப் படியால் அளந்த ஊர்களில் 'ஒரு படி எண்ணெய்' என்றால் அது அளவையே குறிக்கும் என்பதால் அதைத் தவிர்க்கலாம் என்று நினைக்கிறேன்.

அடுத்தது, முன்னொட்டு. மல்டிகிரேடு என்ற பெயரில் 'பல' என்று இருந்தாலும், 20டபிள்யூ-50 என்ற எண்ணெய் நிறைவு செய்வது இரண்டு வரையறைகளைத்தான். ஒன்று குளிரில் அளப்பது, மற்றொன்று சூட்டில் அளப்பது. ஆகவே 'பல்' வேண்டாம், இரண்டு என்றே சொல்லிவிடலாம். முதலில் 'இருபத எண்ணெய்' என்று எழுதிப் பார்த்தேன். டப்பாவிலேயே 20 என்ற எண் இருக்கும்போது அதை இருபது என்று படித்துவிடுவார்கள். உயிர்முன் வரும் வடிவத்தை நினைந்து 'ஈர்ப்பதம்' என்றால் ஈரப்பதத்தோடு மோதுகிறது, புணர்ச்சி விதியும் அதற்கு இடங்கொடுக்காது. ஒற்றைப்பத எண்ணெய், இரட்டைப்பத எண்ணெய் என்ற இணை சொல்லவும் எளிது, காதில் தவறாக விழவும் வழியில்லை.

டபிள்யூ என்ற எழுத்தைப் பற்றிக் கூடுதலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம் ஊருக்கு மிகவும் பயன்படும் செய்தி அதில்தான் இருக்கிறது. பட்டறைகளில் பலர் அதை எடை என்று பொருள்கொள்கிறார்கள். அது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. ஆனால் அதைக் 'குளிர்காலப் பதம்' என்று பெயர்த்தால் நம் வாசகர் மார்கழியை நினைப்பார். 20டபிள்யூ எண்ணெயின் தொடக்கச் சுழற்சியைச் சோதிப்பது சுழிக்குக் கீழே 15 டிகிரியில், 5டபிள்யூவைச் சோதிப்பது சுழிக்குக் கீழே 30 டிகிரியில். செட்டிநாட்டில் மார்கழி விடியலிலும் சூடு 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஆகவே காரைக்குடியில் வண்டியைக் கிளப்புபவருக்கு 5டபிள்யூவுக்கும் 20டபிள்யூவுக்கும் உள்ள வேறுபாட்டால் பெரிய ஆதாயம் எதுவும் இல்லை, அந்த வேறுபாட்டுக்காக அவர் கூடுதல் விலை கொடுக்கவும் தேவையில்லை. அவர் பார்க்க வேண்டியது இரண்டாவது எண்ணை. இதனால் முதல் எண்ணைத் தொடக்கப் பதம் என்றும் இரண்டாவதை ஓட்டப் பதம் என்றும் சொல்லலாம் என்பது என் எண்ணம். 'குளிர்பதம்' என்று ஒருவர் முன்மொழிந்தது அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் குளிர்பதனப் பெட்டி வீடுதோறும் இருக்கும்போது அச்சொல் அங்கே இழுத்துப் போய்விடும்.

தொழிற்சாலையின் கையேடு வெப்ப நாடுகளுக்கு ஒற்றைப்பத எஸ்ஏஇ 40 எண்ணெயைச் சொன்னது. இரட்டைப்பத எண்ணெய் பரவலாகாத காலத்து அறிவுரை என்றாலும் இன்றும் அது நம் தட்பவெப்பத்துக்குப் பொருந்தும். இன்று எளிதில் கிடைப்பவற்றுள் 20டபிள்யூ-50, தேய்மானம் குறைந்த எஞ்சின் என்றால் 15டபிள்யூ-40, இவை இரண்டையும் நான் தயங்காமல் சொல்வேன். 150 டிகிரிச் சூட்டில் தாங்கிகளுக்கிடையே நசுங்கும் நிலையிலும் 50 பதத்துக்குக் குறைந்தது 3.7 மில்லிபாஸ்கல் நொடி பாகுநிலை இருந்தாக வேண்டும் என்பது வரையறை. 30 பதத்துக்கு அது 2.9 மட்டுமே. தேவகோட்டைச் சாலையில் விளக்கு மினுக்கியதன் காரணம் இத்தகைய வேறுபாட்டில்தான் இருக்கிறது.

இதைப் படித்துவிட்டுக் கெட்டி எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்லது என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. பீட்டிலில் எண்ணெய் அளவுக்கு மீறிக் கெட்டியாக இருந்தால் அழுத்தத் தளர்வு வால்வு திறந்துகொண்டு, எண்ணெயைக் குளிர்விப்பான் வழியே போகவிடாமல் நேரே எஞ்சினுக்குள் திருப்பிவிடும். வெப்பத்தைச் சுமக்க வேண்டிய எண்ணெய் அதை இறக்கி வைக்கும் இடத்துக்கே போகாமல் சுற்றிக்கொண்டிருக்கும். எது வேண்டும் என்றால் ஏற்ற பதம் வேண்டும். இதையும் தரம் என்ற சொல்லால் சொல்லிக் காட்ட முடியாது.

டப்பாவில் தரம் என்ற சொல்லுக்கு ஓரளவு உரிமை கோரக்கூடிய குறி ஒன்று உண்டு. எஸ்எஃப், எஸ்ஜி, எஸ்எல், எஸ்என் என்று போகும், அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம் வகுத்த ஏபிஐ எழுத்துகள் அவை. பின்னால் வந்த எழுத்து புதிய எஞ்சின்களின் தேவைகளை நிறைவு செய்கிறது. அங்கேயும் நான் 'பணி வகுப்பு' என்றே சொல்ல விரும்புகிறேன். பழைய எஞ்சினில், வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டின் மேல் தட்டையான டாப்பெட்டுகள் உரசி ஓடுகின்றன. அந்த உரசலைத் தாங்க, பட்டறையில் ஜிங்க் என்று சொல்லப்படும் துத்தநாக, பாஸ்பரஸ் சேர்க்கை எண்ணெயில் வேண்டும். புதிய வண்டிகளின் புகைபோக்கியில் நச்சுப் புகையைக் குறைக்கும் வினையூக்கி மாற்றியைப் பாஸ்பரஸ் கெடுப்பதால், எஸ்எம் வகுப்பிலிருந்து மெல்லிய பதங்களில் அதன் அளவு 0.08 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்று கட்டுப்படுத்தினார்கள். அந்த மேல்வரம்பு 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்றவற்றுக்கு உரியது, 20டபிள்யூ-50க்கு அன்று. ஆக, வகுப்பின் எழுத்தை மட்டும் பார்த்துப் புதியது வாங்குபவருக்கும் ஏற்ற பதமே பாதி பாதுகாப்பைத் தருகிறது. பழைய பீட்டிலுக்கு வினையூக்கி மாற்றி இல்லாததால், துத்தநாகம் கூடிய எண்ணெயால் அங்கே கெடுவதற்கு ஒன்றும் இல்லை.

இரட்டைப்பத எண்ணெய்க்குள் சூட்டில் விரிந்து பாகுநிலையைத் தாங்கிப் பிடிக்கும் நீள்மூலக்கூறுச் சேர்க்கைக்குப் 'பதங்காப்பி' என்று பெயர் வைக்கலாம். அந்த மூலக்கூறுகள் நாளடைவில் நறுக்குண்டு 50 ஆக இருந்த எண்ணெய் 40 அளவுக்கு இறங்குவதைப் 'பதமிழப்பு' எனலாம். பதம் என்ற ஒரு வேர் இப்படிக் கிளைத்துக்கொண்டே போவது எனக்கு அதன் மேல் மேலும் நம்பிக்கை தருகிறது. 'தரங்காப்பி' என்று சொல்லிப் பாருங்கள், பொருளே மாறிவிடும்.

சிறு சொற்கள் இரண்டு. லூப்ரிகேஷனுக்கு உயவு என்பதே இருக்கட்டும். மசகு என்றால் இங்கே வண்டி அச்சுக்குப் போடும் கறுப்பு மை, இலங்கைச் செய்தித்தாள்களில் மசகு எண்ணெய் என்றால் நிலத்திலிருந்து எடுக்கும் கச்சா எண்ணெய். எஞ்சினைக் 'குளிர்காற்று எஞ்சின்' என்று எழுதியிருப்பதைக் 'காற்றால் குளிரும் எஞ்சின்' என்று திருத்த வேண்டும், விசிறி அடிப்பது நம் ஊரின் சூடான காற்றைத்தான்.

பட்டியலுக்கான பதிவை இவ்வாறு வரைந்திருக்கிறேன்: 'இரட்டைப்பத எண்ணெய்: குளிர்நிலைக்கு உரிய தொடக்கப் பதம், 100 டிகிரி செல்சியசில் அளக்கும் ஓட்டப் பதம் ஆகிய இரண்டு வரையறைகளையும் ஒருங்கே நிறைவு செய்யும் உயவு எண்ணெய். எடுத்துக்காட்டு: 20டபிள்யூ-50. இவ்வெண்கள் எண்ணெயின் உயர்வு தாழ்வைக் குறிப்பன அல்ல.' கடைசி வாக்கியம் வரையறைக்குள் வரலாமா, அடிக்குறிப்பாக நிற்க வேண்டுமா என்பதை ஐயா சொல்ல வேண்டும். உள்ளேயே இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து ஒரு வாசகர்