வெள்ளக் களப்பயணம்: "இது எந்தப் பாடத்துல வருது டீச்சர்?"

ஆத்தங்கரை டீச்சர் கேட்டது:

ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். 2023 டிசம்பரில் தாமிரபரணி எங்கள் தெருவுக்குள்ளேயே வந்துபோனது. பிள்ளைகளை ஒரு நாள் ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போய் அந்த வெள்ளத்தைப் பாடமாக நடத்த ஆசை. அனுமதி கேட்டால், "இது எந்தப் பாடத்துல வருது டீச்சர்? போர்ஷன் யாரு முடிக்கிறது?" என்கிறார்கள்.

பாடக்குறிப்பில் எழுதிக் காட்ட வேண்டும். ஆற்று வளைவு, குதிரைக் குளம்பு ஏரி எல்லாம் புத்தகத்தில் ஓரிடத்தில். பேரிடர் மேலாண்மை கடைசியில், தனியாக. இரண்டையும் எப்படி ஒட்டவைப்பது?

இன்னொரு சங்கடம். வகுப்பில் மூன்று பிள்ளைகளின் வீடு அந்த வெள்ளத்தில் விழுந்தது. "உங்கள் வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற உயரத்தை அளந்து வாருங்கள்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பாளையங்கோட்டை வாத்தியார்:

டீச்சர், நான் ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகிறது. உங்கள் கடைசிச் சங்கடத்துக்கு முதலில் வருகிறேன். வீட்டுச் சுவரை விடுங்கள். பள்ளிச் சுவர், ரேஷன் கடை, கோயில் மதில், இப்படிப் பொதுச் சுவர் போதும். அந்த மூன்று பிள்ளைகளும் தாங்களாகவே பேச வந்தால் பேசட்டும்.

இப்போது பாடம். புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆற்றில் வளைவைத் தேடாதீர்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன், பிள்ளைகள் சீக்கிரமே கல்லெறியப் போய்விட்டார்கள். ஒரே ஒரு கேள்வியோடு போங்கள்: "தண்ணீர் ஏன் இந்தக் கோடு வரை வந்தது?" பாடங்கள் தானாக வந்து அதில் உட்காரும்.

எப்படி என்று கேட்டால், பொதிகை மலையில் பெய்வதுதான் ஆற்றில் வருகிறது என்றுதான் பிள்ளைகள் நினைப்பார்கள். அந்த டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்தது. தமிழ்நாட்டுக்கு ஒரு வருஷ சராசரியே ஏறக்குறைய அவ்வளவுதான். கடலோரச் சமவெளியிலேயே கொட்டியது, குளங்கள் உடைந்தன, ஆறும் ஏற்கெனவே நிறைந்து வந்தது. 1,000 சதுர அடி மொட்டை மாடியில் 95 செ.மீ. என்றால் எத்தனை லிட்டர் என்று போடச் சொல்லுங்கள். சுமார் 88,000 லிட்டர் வரும். 12,000 லிட்டர் லாரியில் ஏழு நடைக்கு மேல்! எட்டாம் வகுப்பில் படித்த நீரியல் சுழற்சி அங்கேயே திருப்புதல் ஆகிவிடும். அணைக்கட்டு, வாய்க்கால், குளம் எல்லாம் ஒரு தாளில் வரைந்தால் நிலவரைபடத் திறன்கள். அடுத்த மழைக்கு எந்த வழியாக மேட்டுக்குப் போவது என்று அதே தாளில் குறித்தால் பேரிடர் மேலாண்மை. பாடக்குறிப்பில் இந்த மூன்று அலகின் பெயரையும் எழுதுங்கள், யாரும் மறுக்க முடியாது.

நான் கூட்டிப்போனது திருநெல்வேலி குறுக்குத்துறைக்கு. முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளம் வந்தால் உற்சவரை மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள், கோயில் முங்கும், வடிந்ததும் கழுவித் திறப்பார்கள். வெள்ளச் சமவெளி என்றால் ஆற்றுக்குச் சொந்தமான இடம் என்பதை அந்தக் கோயில் சொன்ன மாதிரி நான் ஒருநாளும் சொன்னதில்லை.

மட்டக்குழாய்:

அளவை வேலையில் இருப்பவன். இரண்டு விஷயம். உயரம் பார்க்க போன் ஜிபிஎஸ்ஸை நம்ப வேண்டாம், பல மீட்டர் தள்ளிக் காட்டும். கொத்தனார் மட்டம் பார்க்கும், கண்ணாடி மாதிரி தெரியும் பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். ரேஷன் கடைக் கோடும் பள்ளிக் கோடும் ஒரே மட்டமா என்று தெரிந்துவிடும்.

ஓட்டம் அளக்க ஆற்றில் இறங்கவே கூடாது. தண்ணீர் குறைவாக விட்டிருக்கும் நாளில் வாய்க்கால் போதும், அதுவும் கரையில் நின்று. 10 மீட்டர் தூரத்தை ஆரஞ்சுப் பழம் எத்தனை வினாடியில் கடக்கிறது என்று பாருங்கள். எலுமிச்சை வேண்டாம், எங்களுக்கு முங்கிப்போய்ச் சிரிப்பாகிவிட்டது. 20 வினாடி என்றால் வேகம் வினாடிக்கு 0.5 மீட்டர். மேற்பரப்பு வேகமாக ஓடும் என்பதால் 0.85-ஆல் பெருக்குங்கள். 4 மீட்டர் அகலம், சராசரி 0.6 மீட்டர் ஆழம் என்றால் வினாடிக்கு ஒரு கனமீட்டருக்குக் கொஞ்சம் மேல், அதாவது சுமார் 36 கனஅடி. செய்தியில் லட்சம் கனஅடி என்றார்களே, அது இந்த மாதிரி எத்தனை வாய்க்கால் என்று கேளுங்கள். 2,700 சொச்சம் வரும்.

ஆத்தங்கரை டீச்சர்:

வாத்தியார் சாருக்கும் மட்டக்குழாய் சாருக்கும் நன்றி. அரை நாள் கிடைத்திருக்கிறது, வாய்க்கால் வரைக்கும் மட்டும். அப்புறம், சார் சொன்னபடி பள்ளிச் சுவரில் கோடு தேடினேன். வெள்ளையடித்து மறைத்துவிட்டார்கள். பிள்ளைகளே ஸ்டோர் ரூம் பீரோவைத் திறந்து, உள்பக்கம் சேற்றுக்கோடு இருப்பதைக் காட்டினார்கள். வீடு விழுந்த பிள்ளைகளில் ஒருத்திதான் டேப்பைப் பிடித்தாள். தரையிலிருந்து 137 செ.மீ.